இன்னும் எவ்வளவு நேரம்? நீண்டு ஓடும் நிரல் பகுப்பாய்வில் முன்னேற்றத்தைக் கணிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

பெரிய நிரல்தொகுப்பு ஒன்றை, நிரலில் குறைகளைத் தேடும் பகுப்பாய்வுக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பவர் மூன்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும். இருந்த இடத்திலேயே காத்திருக்கலாம், வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம், ஓட்டத்தை நிறுத்திவிடலாம். திரையில் நாம் காட்டும் பட்டையோ எண்ணோ இந்த முடிவை எடுக்க அவருக்கு உதவ வேண்டும். உதவாத பட்டை வெறும் அலங்காரம். தவறான பட்டை அதைவிட மோசம், ஏனென்றால் அதை நம்பி ஒருவர் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

முடிந்த பங்கைச் சதவீதமாகக் காட்டினால் பயனர்கள் அதை விரும்புகிறார்கள் என்பதைப் பிராட் மயர்ஸ் 1985-லேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார். அதனால் சதவீதம் காட்டலாமா என்ற கேள்விக்கு விடை பழையது. எதன் சதவீதம் என்பதுதான் இன்றும் தீராத கேள்வி. ஒரு கோப்பை நகலெடுக்கும்போது மொத்தம் எத்தனை பைட்டுகள் என்று தொடங்கும்போதே தெரியும். பகுப்பாய்வில் அந்த மொத்தம் கையில் இல்லை. ஒரு நிரல் நிற்குமா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது என்று 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் நிறுவியதைக் காரணமாகக் காட்டத் தோன்றும். ஆனால் பகுப்பாய்வுக் கருவிகள் பெரும்பாலும் எப்படியும் முடிவடையும் வகையில்தான் கட்டப்படுகின்றன. முடியும் என்பது உறுதி. எடுக்கும் நேரம் கோப்புகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் நிரலின் வடிவத்தைப் பொறுத்தது என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

இந்தச் சிக்கலுக்கு இன்று வழக்கத்தில் இருக்கும் விடைகளை ஒவ்வொன்றாக எடைபோடுகிறேன். என் தேர்வு எது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

எண்ணிக்கையும் அதன் ஏமாற்றமும்

சுழலும் குறியை விரைவாகக் கடந்துவிடலாம். "ஓடிக்கொண்டிருக்கிறது" என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. பத்து வினாடிக்குள் முடியும் வேலைக்கு அது போதும். அதற்கு மேல் போனால் போதாது. அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பல கருவிகளில் அந்தக் குறியைத் தனியொரு த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர்) கடிகாரத்தை வைத்துச் சுழற்றுகிறது. பகுப்பாய்வு முட்டிக்கொண்டு நின்றுபோனாலும் குறி அழகாகச் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும் குறி வேண்டுமென்றால், ஒரு ஃபங்ஷன் முடிந்தது, ஒரு கோப்பு முடிந்தது என்று வேலை உண்மையிலேயே நகரும்போது மட்டும் அது நகர வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் முதலில் எழுதும் வழி: "312 / 1000 கோப்புகள்". எழுத எளிது, படிக்கவும் எளிது. கோப்புகள் தனித்தனியாகச் சோதிக்கப்படும் கருவிகளில், அதாவது நடை சரிபார்ப்பான்கள் போன்றவற்றில், இது ஓரளவு உண்மையும் கூட. ஆனால் கோப்புகள் சமமானவை அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 கோப்புகளில் 990 கோப்புகள் ஒவ்வொன்றும் 0.2 வினாடி எடுக்கின்றன. மீதி 10 கோப்புகள், தானாக உருவாக்கப்பட்ட பெரிய பார்சர்கள் (நிரல் வரிகளைப் படித்து அவற்றின் இலக்கண அமைப்பைப் பிரிக்கும் நிரல்கள்) என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றும் 60 வினாடி. மொத்தம் 798 வினாடி. அந்தப் பத்தும் வரிசையின் கடைசியில் வந்தால், 198-ஆவது வினாடியில் பட்டை 99 சதவீதத்தைத் தொட்டுவிடும். அப்போது கால் பங்கு நேரம்தான் ஓடியிருக்கும். மீதி முக்கால் பங்கு நேரமும் பயனர் 99-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "99-இல் சிக்கிக்கொண்டது" என்று வரும் புகார்களில் பல இப்படிப் பிறப்பவைதான்.

கோப்பின் அளவை, அதாவது வரிகளையோ பைட்டுகளையோ எடையாக வைத்தால் இந்தப் பிழை குறையும், தீராது. பத்தாயிரம் வரி கொண்ட மாறிலிப் பட்டியல் ஒரு நொடியில் முடிந்துவிடும். இருநூறு வரியில் நெருக்கமாகப் பின்னிய வளையங்கள் நிமிடக்கணக்கில் இழுக்கும். பார்சிங் கட்டத்துக்கு வரி எண்ணிக்கை நல்ல எடை. மதிப்புகள் நிரலுக்குள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று தேடும் தரவோட்டப் பகுப்பாய்வுக்கு அது பலவீனமான ஊகம்.

மொத்தமே வளர்ந்துகொண்டு போகும் நிலையும் உண்டு. ஒரு கோப்பைத் திறந்த பிறகுதான் அது இன்னும் எந்தெந்தக் கோப்புகளை இழுத்து வருகிறது என்று தெரியும். பேஸல் போன்ற பில்டு கருவியில், அதாவது மூலநிரலை ஓடும் நிரலாகக் கட்டித்தரும் கருவியில், சாய்கோட்டுக்கு வலப்பக்க எண் ஓட்டத்தின் நடுவே கூடிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். நேர்மையான காட்சி அது. அதையே சதவீதமாக மாற்றினால் பட்டை பின்னோக்கி ஓடும். இதற்கு ஒரு தந்திரம் எக்லிப்ஸ் நிரலாக்கச் சூழலின் சப்மானிட்டர் என்ற முன்னேற்றக் கூறில் இருக்கிறது. மொத்தம் தெரியாத வேலையில், ஒவ்வோர் அடிக்கும் மீதமிருக்கும் பட்டையின் நூற்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். நூறு அடிகளில் பட்டை 63 சதவீதத்தையும், முந்நூறு அடிகளில் 95 சதவீதத்தையும் அடையும். பின்னோக்கிப் போகாது, ஒருபோதும் நிரம்பவும் செய்யாது. கண்ணுக்கு இதமான இந்த ஏற்பாட்டைப் பகுப்பாய்வுக் கருவியில் நான் பரிந்துரைக்க மாட்டேன். 95 என்ற எண் அங்கே மீதி வேலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, ஆனால் பார்ப்பவர் அப்படித்தான் அதைப் படிப்பார். கண்டறியும் கட்டம் முடியும் வரை எண்ணிக்கையை மட்டும் காட்டி, மொத்தம் உறுதியான பிறகு சதவீதத்துக்கு மாறுவதே முறை. நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவி இதைத்தான் செய்கிறது. பொருள்களைத் திரட்டும் கட்டத்தில் வெறும் எண்ணிக்கை வரும். மொத்தம் தெரிந்தபின் வரும் கட்டங்களில் சதவீதம் வரும்.

முழு நிரலையும் சேர்த்துப் பார்க்கும்போது

ஃபங்ஷன்களுக்கு இடையிலான தரவோட்டத்தைப் பின்தொடரும் கருவிகளில் எண்ணிக்கை முற்றிலும் கைவிட்டுவிடும். அங்கே வேலைப்பட்டியல் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஓர் உருப்படியை எடுத்துக் கணக்கிடுவார்கள். விடை மாறியிருந்தால், அதைச் சார்ந்த உருப்படிகள் எல்லாம் மறுபடி பட்டியலில் சேரும். விடைகள் மாறாமல் நிலைக்கும்போது வேலை முடியும். பட்டியலில் மூன்றே உருப்படிகள் மீதி என்று நினைக்கும் நேரத்தில் ஒன்றை எடுத்ததும் முந்நூறு சேர்ந்துவிடும். பட்டியலின் நீளத்தை முன்னேற்றமாகக் காட்டினால் திரையில் ஏற்றமும் இறக்கமும்தான் தெரியும். கோட்பாட்டில் ஓர் உச்சவரம்பு உண்டு: ஒவ்வோர் உருப்படியின் விடையும் அதிகபட்சம் எத்தனை முறை மாற முடியும் என்பதை உருப்படிகளின் எண்ணிக்கையால் பெருக்கலாம். ஆனால் நடைமுறை ஓட்டம் அந்த வரம்புக்கு அருகில்கூடப் போவதில்லை. அதை நூறு என்று வைத்தால் பட்டை இரண்டு, மூன்று சதவீதத்தில் இருக்கும்போதே வேலை முடிந்துவிடலாம்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஆய்வு ஒன்று உண்டு. ஊசுக் லீ, ஹக்ஜூ ஓ, குவாங்குன் யி ஆகிய மூவரும் 2014-இல், நிலைப் பகுப்பாய்விகளுக்கான (நிரலை ஓட்டாமலே ஆராயும் கருவிகளுக்கான) முன்னேற்றப் பட்டை பற்றி எழுதினார்கள். முதலில் துல்லியம் குறைந்த, வேகமான முன்பகுப்பாய்வு ஒன்றை ஓட்டி, இறுதி விடை (மாறும் ஒவ்வொரு முறையும் அது ஒரு படி ஏறுவதாகக் கொண்டால்) எவ்வளவு உயரத்தில் போய் நிற்கும் என்று மதிப்பிடுவது அவர்கள் வழி. பிறகு முதன்மைப் பகுப்பாய்வு ஓடும்போது இப்போதைய விடை அந்த உயரத்தில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். தொடக்கத்தில் விடை வேகமாக ஏறும், கடைசியில் மெதுவாக ஊரும் என்பதால் உயரம் நேரத்தோடு சீராகப் போகாது. அதையும் சரிசெய்கிறார்கள். பகுப்பாய்வின் உள்ளே நடப்பதையே அளவுகோலாக்கிய இந்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் தேர்வு செய்பவர் இரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். முன்பகுப்பாய்வும் நேரம் தின்னும். பகுப்பாய்வின் முறை மாறினால் அளவுகோலையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். ஒரே முறையைப் பல ஆண்டுகள் பராமரிக்கும் குழுவுக்கு இது கட்டுப்படியாகும். வாரந்தோறும் விதிகள் கூடும் கருவிக்குக் கட்டுப்படியாகாது.

நேற்றைய ஓட்டத்தின் சாட்சி

என் தேர்வு இங்கேதான். ஒரே நிரல்தொகுப்பின் மீது ஒரே கருவி மறுபடி மறுபடி ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் மாறுவது அதில் சிறு பகுதி. அப்படியானால் கடந்த ஓட்டத்தில் எந்தக் கோப்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதிவைத்தால், இன்றைய ஓட்டத்துக்கு அதைவிட நல்ல எடை எங்கும் கிடைக்காது. மேலே பார்த்த 1000 கோப்புக் கணக்கில், பத்துப் பெரிய கோப்புகள் வரிசையில் எங்கே வந்தாலும் இந்தப் பட்டை சரியாகவே நகரும். கட்டுவதும் கடினமல்ல. பில்டு கருவியான நின்ஜா ஒவ்வொரு படியின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் தன் பதிவுக்கோப்பில் எழுதிவைக்கிறது. பகுப்பாய்வுக் கருவிகள் பலவற்றில் கேச், அதாவது முந்தைய விடைகளின் சேமிப்பு, ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒவ்வொரு பதிவிலும் ஓர் எண்ணைக் கூட்டினால் போதும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. புதிய கோப்புக்குப் பழைய நேரம் இருக்காது; தெரிந்த கோப்புகளில் ஒரு பைட்டுக்கு ஆன நேரத்தின் இடைநிலை மதிப்பை அதற்குக் கொடுக்கலாம். மாறிய கோப்புக்கு அதன் பழைய நேரத்தையே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நாலு வரி மாறியதால் ஒரு கோப்பின் குணம் மாறிவிடுவது அரிது. வேறு கணினியில் ஓடினால் எல்லா நேரமும் ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். பங்கு மாறாததால் சதவீதம் கெடாது. மீதி நேரத்தைச் சொல்லும்போது மட்டும், இதுவரை முடிந்தவற்றின் உண்மை நேரத்தை எதிர்பார்த்த நேரத்தால் வகுத்து, அந்த விகிதத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேச்சிலிருந்து விடை கிடைக்கும் கோப்புகளின் எடை சுழி. அவை எவை என்பதை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பார்த்துத் தீர்மானித்துவிட வேண்டும். இல்லையென்றால் பட்டை தாவித் தாவிப் போகும். புதிய விதி சேர்ந்தாலோ கருவியின் பதிப்பு மாறினாலோ முதல் ஓட்டம் பிசகும். இரண்டாம் ஓட்டத்தில் தானாகச் சரியாகிவிடும்.

இதன் உண்மையான பலவீனம் முதல் ஓட்டம்தான். புதிதாக நிறுவிய பயனருக்கு வரலாறு இல்லை. ஒவ்வொரு முறையும் வெற்றுக் கன்டெய்னரில் (தற்காலிகத் தனிச்சூழலில்) தொடங்கும் சர்வர் ஓட்டத்துக்கும் இல்லை, நேரப் பதிவை ஓட்டங்களுக்கு இடையே சேமித்துவைக்காவிட்டால். முதல் ஓட்டத்தில் அளவை எடையாக வைத்து, சதவீதத்தைக் காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் காட்டுவது நல்லது.

கட்டங்களுக்கும் இதே மருந்துதான். பார்சிங் 10, பெயர்களைத் தீர்த்தல் (எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று கண்டறிதல்) 20, பகுப்பாய்வு 70 என்று யாரோ ஒருவர் ஒருநாள் நிரலில் எழுதிவைத்த எண்கள், கருவி வளர வளரப் பொய்யாகிக்கொண்டே போகும். அந்த எண்களையும் கடந்த ஓட்டம் சொல்லட்டும்.

நேர வரலாறு கையில் இருந்தால் இன்னொரு நன்மையும் சேர்ந்து வருகிறது. பெரிய கோப்புகளை முதலில் ஓட்டலாம். நான்கு த்ரெட்கள் ஓடும்போது பெரிய கோப்பு கடைசியில் சிக்கினால் மூன்று த்ரெட்கள் சும்மா நிற்கும். நீண்ட வேலைகளை முதலில் கொடுத்தால் மொத்த நேரம், சாத்தியமான மிகக் குறைந்த நேரத்தின் 4/3 மடங்குக்கு மேல் போகாது என்று ரொனால்டு கிரஹாம் 1969-இல் நிறுவினார். கோப்பு எண்ணிக்கையைக் காட்டும் கருவியாக இருந்தாலும் அப்போது எண் முதலில் மெதுவாகவும் போகப்போக வேகமாகவும் ஏறும். கிறிஸ் ஹாரிசனும் அவருடைய குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை நெருங்க நெருங்க வேகமெடுக்கும் பட்டை மனிதர்களுக்குக் குறைந்த நேரமாகத் தோன்றுகிறது என்றும், கடைசியில் நின்று தயங்கும் பட்டை எரிச்சலூட்டுகிறது என்றும் கண்டார்கள். பட்டையைச் செயற்கையாக வளைத்து அந்த உணர்வைத் தரலாம். அதைவிட, வேலையையே நல்ல வரிசையில் செய்து அந்த உணர்வைப் பெறுவது எவ்வளவோ மேல்.

எல்லை வகுப்பது, சதவீதத்தைக் கைவிடுவது

சில பகுப்பாய்வுகளுக்கு வரலாறும் உதவாது. உள்ளீடுகளுக்கு உண்மை மதிப்புகளுக்குப் பதில் குறியீடுகளை வைத்துப் பாதைகளைத் தேடும் குறியீட்டு இயக்கத்தில் ஒவ்வொரு கிளையும் பாதைகளை இரட்டிப்பாக்கும். ஒரு பாதை சாத்தியமா என்று விடை சொல்லும் தீர்வியிடம் போகும் ஒரு கேள்வி ஒரு மில்லிவினாடியில் திரும்பலாம், திரும்பாமலே போகலாம். மினிசாட் தீர்வி தன் தேடலின் முன்னேற்றத்தைச் சதவீதமாக அச்சிடும். ஆனால் தேடல்வெளியில் மிச்சமிருப்பதன் கடினம் இதுவரை கடந்ததன் கடினத்தோடு ஒத்திருக்க வேண்டியதில்லை என்பதால், அந்த எண்ணை நம்பி யாரும் திட்டமிட முடியாது.

அங்கே பயன்படுவது எல்லை. சி, சி++ நிரல்களுக்கான கிளாங் நிலைப் பகுப்பாய்வி ஒரு நுழைவு ஃபங்ஷனுக்கு இத்தனை கணுக்கள்தான் (ஆராயும் நிரல்நிலைகள்) என்று எல்லை வைத்திருக்கிறது. ஆழ்ந்த முறையில் அதன் இயல்பு மதிப்பு 225000. எல்லை இருந்தால் மீதியுள்ள ஃபங்ஷன்களை எல்லையால் பெருக்கி "அதிகபட்சம் இவ்வளவுதான்" என்று சொல்லலாம். எல்லையை நேரத்தில் வைத்திருந்தால் அது காப்பாற்றக்கூடிய வாக்குறுதி. வேறு எந்த வழியும் அதைத் தருவதில்லை. ஆனால் இதற்கான விலையைத் துல்லியம் கொடுக்கிறது. அதனால் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கவே கூடாது: எல்லையில் இடித்துப் பாதியில் விடப்பட்ட ஃபங்ஷன்கள் எத்தனை, எவை என்று முடிவில் சொல்ல வேண்டும். நாற்பது ஃபங்ஷன்களைப் பாதியில் விட்டுவிட்டு 100 சதவீதம் என்று பச்சையில் காட்டும் கருவி, பாதுகாப்புக் குறைகளைத் தேடும் ஒருவரை நேரடியாக ஏமாற்றுகிறது.

சீரற்ற உள்ளீடுகளை ஓயாமல் கொடுத்துக் குறை தேடும் ஃபஸ்ஸிங்கில் முடிவு என்பதே இல்லை, நாம் நிறுத்தும்போதுதான் அது நிற்கும். ஏ.எஃப்.எல். என்ற ஃபஸ்ஸிங் கருவியின் திரை இதற்கு நல்ல முன்மாதிரி. சதவீதப் பட்டைக்குப் பதிலாக, கடைசியாகப் புதிய பாதை ஒன்று கிடைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று அது காட்டும். எத்தனை சுற்று முடிந்தது என்று காட்டும் எண்ணின் நிறம் மெஜந்தாவில் தொடங்கி மஞ்சள், நீலம் என்று மாறி, நெடுநேரம் புதிதாக எதுவும் கிடைக்காதபோது பச்சையாகும். நிறுத்தலாமா என்ற கேள்விக்கு நேரடியான விடை அது. மார்செல் போமே 2018-இல் இதற்கு ஒரு புள்ளியியல் அடித்தளமும் கொடுத்தார். ஒரே ஒருமுறை மட்டும் தென்பட்ட நடத்தைகளின் எண்ணிக்கையை மொத்தச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், அடுத்த சோதனையில் புதிதாக ஒன்று தென்படும் வாய்ப்பு தோராயமாகக் கிடைக்கும். சூழலியலாளர்கள் காட்டில் இன்னும் பார்க்காத உயிரினங்களை மதிப்பிடும் அதே கணக்கு.

திரையில் எப்படி

கணிப்பு நன்றாக இருந்து காட்சியில் கெட்டுப்போவதும் நடக்கும். மீதி நேரத்தைச் சமீபத்திய வேகத்திலிருந்து மட்டும் கணக்கிட்டால் எண் குதிக்கும். பைத்தானின் டீ.கியூ.டீ.எம். முன்னேற்றப் பட்டை நூலகம் நகரும் சராசரி எடுத்து, அதன் மென்மையாக்கும் காரணியை இயல்பாக 0.3 என்று வைக்கிறது. சமமான உருப்படிகளுக்கு அது பொருந்தும். கோப்புகளின் கனம் பெரிதும் வேறுபடும் பகுப்பாய்வில், எடையிட்ட மொத்த விகிதமே நிதானமான எண்ணைத் தரும். "6 நிமிடம் 43 வினாடி" என்று சொல்லாதீர்கள். "சுமார் 7 நிமிடம்" போதும்.

எடிட்டருக்குள் ஓடும் கருவியென்றால், எடிட்டரும் கருவியும் பேசிக்கொள்ளும் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலின் விதியைப் பின்பற்ற வேண்டும். தொடக்கச் செய்தியில் சதவீதம் தராவிட்டால், பிறகு அனுப்பும் சதவீதங்களை எடிட்டர் பொருட்படுத்தாமல் விடலாம். சதவீதம் ஏறுமுகமாகவே இருக்க வேண்டும். நிறுத்தும் வசதி உண்டு என்று அறிவிக்கும் புலமும் அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டாம். நிறுத்த முடியாத வேலைக்குப் பட்டை காட்டுவது அரைகுறை உதவி.

டெர்மினலில் (கட்டளைவரித் திரையில்) இன்ஃபர் பகுப்பாய்வுக் கருவியின் வழி எனக்குப் பிடிக்கும். அதன் பலவரிக் காட்சியில், இணையாக ஓடும் ஒவ்வொரு செயல்முறையும் இப்போது எதைப் பார்க்கிறது, எவ்வளவு நேரமாகப் பார்க்கிறது என்பது தெரியும். மொத்தப் பட்டை நகராத நேரத்தில், ஒரே ஃபங்ஷன் நாலு நிமிடமாக ஓடுகிறது என்பது கண்ணில் படும். பயனர் அந்தக் கோப்பை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டலாம். எந்தச் சதவீதமும் இந்த முடிவுக்கு உதவாது.

சர்வர் லாக்குகளில் (ஓட்டப் பதிவுகளில்) பட்டையே வேண்டாம். வரியை அழித்து எழுதும் குறிகள் அங்கே குப்பையாகக் குவியும். கிட் செய்வதுபோல, வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். அதற்காக முற்றிலும் மௌனமாகவும் இருக்கக் கூடாது. சர்க்கிள் சி.ஐ. போன்ற தானியங்கிச் சோதனைச் சேவையில், இயல்பு அமைப்பில் பத்து நிமிடம் எந்த வெளியீடும் வராவிட்டால் வேலை நிறுத்தப்படும். அரை நிமிடத்துக்கு ஒரு முழு வரி, அதில் எண்ணிக்கையும் கடைசியாக முடிந்த கோப்பின் பெயரும் இருந்தால் போதும்.

எதைத் தேர்வது? கோப்புகளைத் தனித்தனியாகப் பார்க்கும் கருவியென்றால் எண்ணிக்கையில் தொடங்கி, உடனே நேர வரலாற்றை எடையாகச் சேர்த்துவிடுங்கள். முழு நிரலையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் கட்டங்களின் எடையை வரலாற்றிலிருந்து எடுங்கள். நிலைக்கும் வரை சுழலும் கட்டத்தில் சதவீதத்தை நிறுத்திவிட்டு, கடந்த முறை அந்தக் கட்டம் எடுத்த நேரத்தையும் இப்போது ஆகியிருக்கும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். முன்பகுப்பாய்வு வழிக்குப் போவது அதன் பிறகும் போதவில்லை என்றால் மட்டும். தேடல் வகைக் கருவியென்றால் எல்லையும், கடைசிக் கண்டுபிடிப்பின் நேரமும்.

எதைக் கட்டினாலும் அதைச் சோதியுங்கள். ஓட்டம் முடிந்ததும், மொத்த நேரத்தின் பாதியில் பட்டை எந்த எண்ணில் நின்றது என்று லாக்கில் ஒரு வரி எழுதட்டும். அந்த எண் தொடர்ந்து எண்பதுக்கு மேலோ இருபதுக்குக் கீழோ வந்துகொண்டிருந்தால், எடைகள் தவறு. பட்டையின் நிறத்தைத் தேர்வதற்கு முன்பு அதைச் சரிசெய்யுங்கள்.